காலா, கிளட்சா

கார் முதன்முதலாக என்னை மீறித் துள்ளியது குருவிகுளத்திலிருந்து திரும்பும்போது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. செம்மறி ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் முகாம் முடித்து, மத்தியான வெயிலில் சங்கரன்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தேன். நான் கால்நடை மருத்துவர். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்துக் கரிசல் ஊர்களில்தான் வேலை. போன வருஷம் ஒரு கிடேரி என் இடது முழங்காலில் உதைத்து, அறுவைச் சிகிச்சை வரை போய்விட்டது. இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டதால்தான் இந்த ஆட்டோமேட்டிக் காரை, ஆறு வருஷம் ஓடிய பழைய வண்டியை, கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தோம்.

ரோட்டின் குறுக்கே ஒரு ஆட்டு மந்தை கடந்துகொண்டிருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரேக்கில் கால் வைத்து மெல்ல வேகத்தைக் குறைத்தேன். கியர் நாலிலிருந்து மூன்றுக்கு இறங்குவது முன்னால் இருந்த மீட்டரில் தெரிந்தது. மூன்று இரண்டாக மாறியதுதான் தாமதம், அடியில் 'தடக்' என்று ஒரு சத்தம், யாரோ பின்னாலிருந்து முட்டித் தள்ளியது போல் வண்டி முன்னால் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தி நிறுத்திய இடத்தில் ஒரு குட்டி பம்பரை உரசிக்கொண்டு ஓடியது.

ஆட்டுக்காரப் பெரியவர் கம்பால் பானெட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏ தாயி, கால எங்கன வச்சு ஓட்டுத? பிரேக்குலயா, வேற எதுலயாவதா?"

கிட்டே வந்து முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. காலையில் அவருடைய ஆடுகளுக்கும் நான்தான் ஊசி போட்டிருந்தேன்.

"நம்ம டாக்டரம்மாவா? பாத்து வாங்கம்மா. காலு கையெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் உடனே குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பஸ் டிரைவர். ராஜபாளையம் ரூட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் வண்டி வெட்டி இழுக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னார். கிளட்ச் சரியில்லை என்றார். டிப்போவில் கிளட்சை மாற்றிக் கொடுத்தார்கள். மறுபடியும் இழுக்கிறது என்றார். இன்னொரு தடவை கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் சத்தியம் செய்தார். "அண்ணாச்சி, என்ன கட்டை வண்டியா ஓட்டுதிய?" என்று பயணிகள் கேட்டதை அப்பா வீட்டில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாலைந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கோளாறு அவருடைய காலில். நடுக்குவாதம். முதலில் கால், பிறகு கை, பிறகு பேச்சு. ஒன்பது வருஷம் படுத்திப் படுத்திக் கொண்டுபோனது.

எனக்கு இப்போது ஐம்பத்தொன்று.

அன்று சாயந்தரம் என் கணவரிடம் கார் துள்ளியதை மட்டும் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார். சாவியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியில் நாலு வேகத்தடை. நாலிலும் வண்டி எண்ணெய் விட்டது போல் இறங்கி ஏறியது.

"ஒண்ணுமே இல்லியே," என்றார். "நீ ரெண்டு பெடலையும் ஒண்ணா மிதிக்கியோ என்னமோ. இத்தன வருசம் மூணு பெடல்ல பழகுன காலுல்லா."

மறுநாள், நாங்கள் முன்பு வைத்திருந்த காருக்கு வேலை பார்த்த உள்ளூர் மெக்கானிக்கிடம் விட்டேன். அவரும் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"வண்டி சுத்தம், டாக்டரம்மா. ஆட்டோமேட்டிக்குல காலு மட்டும் பதனமா இருக்கணும். லேசா நடுங்குனாலும் வண்டி காட்டிக் குடுத்துரும்."

வாயில் வந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. மருந்தகத்தில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை நீட்டி வைப்பேன். மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்துப் பாதத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். சீட்டு அசையும். மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று அதை அணைப்பேன். அப்போதும் அசைவது போலத்தான் இருக்கும். நாடித் துடிப்பா, நடுக்கமா என்று தெரியாது. அப்பாவை மருத்துவர் குதிகாலால் தரையில் தட்டச் சொல்லிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். அதேபோல் தட்டிப் பார்ப்பேன். பத்துத் தட்டு சரியாக விழும். பதினோராவது பிந்தியது போலத் தோன்றும். வெளியே கோழிக் கூடையோடு காத்திருப்பவர்கள் இருமுவார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறப்பேன்.

இந்த நோய் பெரும்பாலும் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். படித்தது பயத்துக்கு ஒரு மருந்தாகவும் இல்லை.

கார் மறுபடி துள்ளியது. மறுபடியும். சிலநாள் வெறும் 'தடக்' மட்டும், சிலநாள் கழுத்து முன்னும் பின்னும் போகிற அளவுக்கு. துள்ளும்போதெல்லாம் என் கண் ரோட்டை விட்டுக் காலுக்குப் போகும். அது இன்னும் பெரிய ஆபத்து என்று தெரிந்தும் போகும். ஒரு வாரம் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஊர்களுக்குப் போனேன். முழங்கால் வலிக்கிறது, ஓட்ட முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் ராயகிரியிலிருந்து போன் வந்தது. ஒரு பசு காலையிலிருந்து முக்குகிறது, கன்றின் ஒரு கால் மட்டும்தான் வெளியே வந்திருக்கிறது என்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் தாய், கன்று இரண்டும் போய்விடும். காரை எடுத்தேன். போகும்போது ஒரு துள்ளல்கூட இல்லை. கன்றின் தலை மடங்கிக் கிடந்தது. தோள் வரை கையை விட்டு, திருப்பி, இழுத்துப் போட முக்கால் மணி நேரம் ஆனது. கன்று உயிரோடு விழுந்து தும்மியது.

பசுவின் சொந்தக்கார அம்மா எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "என்னம்மா கை இந்த ஆட்டம் ஆடுது? மொதல்ல ஒரு வாய் காப்பியக் குடிங்க," என்றார்.

கன்று இழுத்தால் கை ஆடத்தான் செய்யும். இருபத்தைந்து வருஷமாக ஆடியிருக்கிறது. அன்றுதான் அதை வேறு கண்ணால் பார்த்தேன். காப்பி டம்ளரை வாங்காமல் திண்டில் வைக்கச் சொன்னேன். வாங்கினால் சிந்திவிடுமோ என்று பயம்.

திரும்பும்போது கரிவலம்வந்தநல்லூர் தாண்டி எனக்கு முன்னால் போன பஸ், நிறுத்தம் வந்ததால் வேகத்தைக் குறைத்தது. நானும் குறைத்தேன். மூன்று. இரண்டு. தடக்! கார் பாய்ந்தது. பஸ்ஸின் பின்பக்கம் என் கண்ணாடியை முழுவதும் நிறைத்துக்கொண்டு வந்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் பிரேக்கில் இறக்கினேன். வண்டி நின்றபோது பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். பின்படியிலிருந்து இறங்கிய ஒரு பெண் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பஸ் போய்விட்டது. காரை ஓரம்கட்டி இஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே இருந்தேன். இப்போது காலும் கையும் இரண்டுமே நடுங்கின. அந்த நடுக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதுவே ஒரு சித்திரவதையாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து ஒன்று தோன்றியது. மாடு இருமுகிறது என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, எப்போது இருமுகிறது என்பதுதான். தீனி தின்னும்போதா, நடந்து வந்த பிறகா, விடியற்காலையிலா? இத்தனை நாளில் இந்தக் கேள்வியை நான் காரிடம் கேட்கவே இல்லை. என் காலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், கிளம்பி எத்தனை நிமிஷம், எந்தக் கியர், ஏற்றமா இறக்கமா என்று எழுதினேன். பயந்துகொண்டேதான் ஒன்பது நாள் ஓட்டினேன். முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் பத்து வண்டி இடம் விட்டு, பின்னால் வருகிறவர்களெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்ட, எழுதிக்கொண்டே வந்தேன்.

பதினொரு துள்ளல்கள். பதினொன்றும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது. கிளம்பிய முதல் அரை மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. கணவரும் மெக்கானிக்கும் ஓட்டியது பத்து நிமிஷ ஓட்டம்!

எனக்கு மூச்சு வந்தது. ஒரு பாறாங்கல்லை நெஞ்சிலிருந்து எடுத்தது போல் இருந்தது. ஆனால் அது சாப்பாட்டு நேரம் வரைகூட நிற்கவில்லை. அப்பாவுக்கும் காலையில் முதல் நடை நன்றாகத்தான் போகும். களைக்கக் களைக்கத்தான் கால் நடுங்கும். அரை மணி ஓட்டினால் சூடாவது கார் மட்டும்தானா? களைப்பது நானும்தானே?

கடையநல்லூரில் வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பதினேழு வருஷம் பார்த்தவர் என்று, ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன். புளியங்குடி தாண்டியதும் வழக்கம்போல் இரண்டு துள்ளல். அவருடைய கொட்டகை முன்னால் போய் நின்று சாவியில் கை வைத்தேன்.

"இஞ்சின அணைக்காதிய," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சூட்டோட பாப்போம். எங்கிருந்து வாரிய? எவ்வளவு நேரம் ஓட்டம்?"

அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, கையில் எண்ணெய்க் கறை. நான் மாட்டு டாக்டர் என்று சொல்லி, என் சீட்டை நீட்டினேன். நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான், பாய்."

"பாதி வேல முடிஞ்சிட்டு, டாக்டரம்மா." ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருகி, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். "ஓட்டுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

எனக்கு அதுவே புதுப் பயமாகிவிட்டது. இத்தனை நாள் தனியாக வைத்திருந்த காலை ஒரு அந்நியர் பார்க்கப்போகிறார். தென்காசி ரோட்டில் போய்த் திரும்பினோம். அவர் திரையைப் பார்த்தார். இரண்டு தடவை என் பாதத்தைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. குறைத்தேன். மூன்று, இரண்டு, தடக்.

"ம்," என்றார்.

அந்த 'ம்' என்ன என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. வண்டியை ஓரம்கட்டினேன். யாரென்று தெரியாத அந்த மனிதரிடம், கணவரிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொல்லிவிட்டேன். அப்பா, அவருடைய பஸ், மாற்றியும் கழற்றியும் பார்த்த கிளட்ச், மருந்துச் சீட்டு, குதிகால் தட்டியது எல்லாம். கடைசியில், "என் காலுதானா, பாய்? மறைக்காமச் சொல்லிருங்க," என்றேன்.

அவர் மடிக்கணினியை டாஷ்போர்டில் வைத்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

"இந்தப் பக்கம் வாங்க. இப்பம் நான் ஓட்டுதேன்."

அதே ரோட்டில் திருப்பி எடுத்துவந்து அதே வேகத்தடையில் குறைத்தார். அவர் காலும் பிரேக்கில்தான் இருந்தது. தடக். என் கழுத்து முன்னால் போய் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு அடியை அவ்வளவு சந்தோஷமாக நான் வாங்கியதில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கோடு ஆக்ஸிலேட்டர். நீங்க ஓட்டுனப்பம் உள்ளது. பூச்சியத்துல கெடக்கு. நீங்க அதத் தொடவே இல்ல. இது பிரேக்கு. பாருங்க, படிப்படியா ஏறுது, எங்கனயாவது சுளிப்பு இருக்கா? நடுங்குத காலா இருந்தா இது ரம்பப் பல்லு மாதிரில்லா தெரியும்." அடுத்த படத்துக்குப் போனார். "இது நான் ஓட்டுனது. என் கோடுதான் கொஞ்சம் கோணலா இருக்கு. நான்தான் டாக்டரப் பாக்கணும் போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் இறங்கிப்போய் ரோட்டோரக் கடையில் டீ சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

பிறகுதான் விஷயத்தை விளக்கினார். இந்தக் கியர்பாக்ஸுக்குள் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து கியர்களுக்கு ஒன்று. இரண்டு, நாலு, ஆறுக்கு இன்னொன்று. ஒன்று விடுகிற நேரத்தில் மற்றது பிடித்தாக வேண்டும். இதில் இரண்டாவது கிளட்ச் சூடேறினால் நேரத்துக்குப் பிடிக்காமல் பிந்துகிறது, பிந்தியபின் ஒரேயடியாகக் கவ்வுகிறது. அதுதான் அந்தப் பாய்ச்சல். கொட்டகைக்கு வந்து வண்டியைத் தூக்கிவிட்டு அடியிலும் காட்டினார். கியர்பாக்ஸை வண்டியின் உடம்போடு பிடித்து நிறுத்துகிற ரப்பர் கட்டை ஒன்று பாதி கிழிந்திருந்தது. "கிளட்ச் குடுக்குத அடிய இதுதான் ரெண்டு மடங்காக்குது," என்றார்.

முதலில் கணினி வழியாக இரண்டு கிளட்சுக்கும் பிடிமான அளவைப் புதிதாகப் பழக்கிப் பார்த்தார். ஒன்று பழகியது. மற்றது மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டது. "கழட்டித்தான் ஆவணும். இத வச்சுக்கிட்டு நீங்க ஓட்டக் கூடாது. ஒரு மாட்டுக்காக ரெண்டு மனுசன் உயிரு போயிரக் கூடாது," என்றார். அன்று பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் போன் செய்து வரச் சொன்னார். கழற்றிய கிளட்சைப் பெஞ்சில் வைத்திருந்தார். இரண்டாவது தட்டின் முகம் தீய்ந்து, நீலம் பாய்ந்து, கண்ணாடி போல் வழவழத்துக் கிடந்தது. முன்னால் வைத்திருந்தவர் மலையேற்ற நெரிசலில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருப்பார் என்றார். விரலால் அந்த முகத்தைத் தடவிப் பார்த்தேன். புதுக் கிளட்ச், புது ரப்பர் கட்டை போட்டுப் பழக்கி முடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. இன்ஷா அல்லாஹ் இனி தொந்தரவு வராது என்றார். வரவும் இல்லை.

ஆனால் அதோடு முடிந்தது என்று சொன்னால் பொய். கார் சரியானது, என் கால் சரி என்பதற்கு முழு அத்தாட்சி ஆகாது. அந்தக் கோடு ஒருநாள் கோடு. ஒரு சாயந்தரம் சமையலறையில் வைத்துக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் பிறகு. "மாமாவுக்கு வந்தது ஞாபகம் இருக்கும்லா. அன்னைக்கு நான் ஓட்டி வண்டி இழுக்கலன்ன உடனே எனக்குக் கை கால் ஓடல. மூணு பெடல்னு என்னத்தையோ சொல்லி வச்சேன். நீ காப்பி ஆத்தும்போதெல்லாம் ஒன் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் காட்டாமல் ஒன்றரை மாதம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போனோம். மானூர் வழியாக நான்தான் ஓட்டினேன். கார் ஒரு இடத்திலும் துள்ளவில்லை. இந்த முறை அது எனக்கு உதவவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உள்ளே அந்த மருத்துவர் நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், சுருள் சுருளாக வட்டம் போடச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினார். நான் அவருடைய முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளி மாட்டின் சொந்தக்காரர்கள் என் முகத்தை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

"இப்போதைக்கு ஒரு அடையாளமும் இல்லை," என்றார். "இனி வரவே வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் வரும் என்று பயப்படவும் ஒரு காரணமும் இல்லை. வருஷத்துக்கு ஒருதரம் வாங்க, போதும்."

அவ்வளவுதான் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இப்போதும் மூன்று இரண்டாக மாறும்போது ஒரு நொடி என் மூச்சு நிற்கிறது. நிற்கட்டும், பிறகு ஓடத்தான் செய்கிறது. அன்று ஊருக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டுவிட்டு, மழையைப் பற்றி ஏதோ கேட்டேன். திரும்பிப் பார்த்தால், என் கணவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஊர் வரும் வரை நான் அவரை எழுப்பவில்லை.